தைலேரியாவிலிருந்து எங்கள் ஜெர்சி மாடு பிழைத்த கதை

மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் பக்கம் ஒரே வைத்தியம்தான். ஊசி போடுபவரைக் கூப்பிட்டு, காய்ச்சல் மருந்தோடு ஓர் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றிவிடுவது. பல மாடுகள் அதிலேயே எழுந்துவிடுவதால் யாரும் குறை சொல்வதில்லை. எங்கள் ஜெர்சி கலப்பின மாட்டுக்கும் அதுதான் நடந்தது. காய்ச்சல் இறங்கும், ஏறும், மறுபடி ஊசி. கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத மாடு. பால் பாதிக்கும் கீழே போயிற்று. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, அசை போடுவதும் நின்றுவிட்டது.

1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் செய்தோம். நடமாடும் ஊர்தியில் வந்த டாக்டரம்மா, மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மாட்டைத் தடவிப் பார்த்தார். 106 டிகிரி காய்ச்சல். பிறகு என் கையைப் பிடித்துத் தோளுக்கு முன்னால், கழுத்தோரமாக வைத்தார். தோலுக்கு அடியில் கோழி முட்டை அளவுக்கு ஒரு கட்டி நழுவியது. மறுபக்கமும் அப்படியே. கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவப்பே இல்லாமல் வெளுத்திருந்தது.

“மூத்திரம் காபி நிறத்தில் போகிறதா, அண்ணா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கேள்வி எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. உண்ணியால் வரும் மாட்டு நோய்களில் பபேசியா, தைலேரியா இரண்டுமே கடுங்காய்ச்சலும் சோகையும் தரும். பபேசியாவில் சிவப்பணுக்கள் மொத்தமாக உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். தைலேரியாவில் நிணநீர்க் கட்டிகள் வீங்கும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்குச் சரிவராது. ‘உண்ணிக் காய்ச்சலுக்கு ஓர் ஊசி’ என்று பொத்தாம்பொதுவாகப் போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

காது நுனியில் முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் எடுத்தார். இன்னொரு வில்லையைச் சாய்த்துவைத்து ஒரே இழுப்பில் மெல்லிய படலமாகப் பரப்பினார். அது காய்ந்ததும் தாளில் சுற்றி என்னிடமே கொடுத்து, மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, தைலேரியா என்று உறுதி செய்தார்கள். ஹீமோகுளோபின் 6 கிராம். மாட்டுக்கு 8-க்குக் குறையக்கூடாதாம்.

மருந்தின் பெயர் புபார்வாகுவோன். 20 கிலோ உடல் எடைக்கு 1 மில்லி என்ற கணக்கு. கழுத்துத் தசையில் இரண்டு இடங்களில் பிரித்து ஆழமாகப் போட்டார்கள். விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருப்பதுமில்லை. காங்கேயத்தில் அலைந்துதான் வாங்கினேன். கூடவே இரும்புச்சத்து ஊசி, கல்லீரல் டானிக். டாக்டரம்மா எல்லாவற்றையும்விட வற்புறுத்தியது ஓய்வைத்தான். ரத்தம் குறைந்த மாட்டை மேய்ச்சலுக்கு நடத்தினால் வழியிலேயே விழுந்துவிடும் என்றார். நிழலில் கட்டி, சாக்கை நனைத்து முதுகில் போட்டு, தண்ணீரையும் தீவனத்தையும் வாய்க்கே கொண்டுபோனோம். காய்ச்சல் சீக்கிரமே விட்டது, சோகை விடவில்லை. பால் பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. இந்த ஈற்றில் வராது என்றே நினைக்கிறேன்.

அதே கட்டுத்தறியில் நின்ற எங்கள் காங்கேயம் பசுவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதன் அலைதாடியிலும் உண்ணி இருந்தது. நாட்டு மாடுகள் இந்த நோயை ஓரளவு தாங்கும், கலப்பினம்தான் படுத்துவிடும். ஆனால், பிழைத்த மாடும் தாங்கிய மாடும் கிருமியை ரத்தத்தில் வைத்திருக்கும். அதைக் கடித்த இளம் உண்ணி தோலுரித்து வளர்ந்து, அடுத்த மாட்டைக் கடிக்கும்போது நோயைக் கொடுக்கும்.

ஆகவே அடுத்த வேலை உண்ணி ஒழிப்பு. முதுகுத்தண்டு நெடுக ஃப்ளுமெத்ரின் என்ற உண்ணி மருந்தை ஊற்றினோம். ஆனால், தைலேரியாவைப் பரப்பும் ஹையலோமா உண்ணி, ரத்தம் குடித்ததும் மாட்டை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில் புகுந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்களுடையது பழைய கருங்கல் சுவர், இடையில் மண் பூச்சு. கடப்பாரையால் நெம்பியபோது பூச்சுக்குள் உண்ணிகள் அடை அடையாக இருந்தன. சொரசொரப்பான சாம்பல் நிறம், கொஞ்சம்கூட அசையவில்லை. கோழிகளுக்கு அன்று விருந்து. பிறகு சிமென்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்தோம். மருந்தோடு நிறுத்தி, சுவரை அப்படியே விட்டிருந்தால் பணம் மொத்தமும் வீண்.

அம்மாவுக்கு உண்ணியைப் பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்குவது பல வருடப் பழக்கம். டாக்டரம்மா அதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார். மாட்டின் தைலேரியா மனிதருக்கு வராது. ஆனால், ஹையலோமா வகை உண்ணிகள்தான் காங்கோ காய்ச்சல் வைரஸையும் சுமப்பவை. 2011-இல் குஜராத்தில் அதனால் உயிர்கள் போயின. கடித்தால்தான் என்றில்லை, நசுக்கிய சாறு கைப்புண்ணில் பட்டாலும் தொற்றலாம். இப்போது அம்மா கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போடுகிறார். கையுறையைப் பற்றிய புலம்பல் தனி.

தைலேரியாவுக்குத் தடுப்பூசி உண்டு. திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுவர வேண்டியது என்பதால் ஒற்றை மாட்டுக்காரர் கேட்டால் நடக்கிற காரியமில்லை. எங்கள் பால் சொசைட்டியில் கலப்பினக் கன்று வைத்திருப்பவர்களின் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆள் சேர்ந்ததும் ஒரே நாளில் வந்து போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.