கேப் விட்டால் பூந்துடுவான்

நாமக்கல் பக்கம் லாரி டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வண்டி ஓட்ட நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே ஓட்டுவார்கள். வண்டி நிற்கிற கணக்கைத்தான் பேசுவேன்.

ஏர் பிரேக் வண்டியில், ஆபத்தைக் கண் பார்த்து, கால் மிதித்து, காற்றழுத்தம் குழாய் வழியே போய்ச் சேர்ந்து, லைனர் (உராய்ந்து பிடிக்கும் பிரேக் பட்டை) சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைப் பிடிப்பதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 25 மீட்டர் ஓடியிருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்கிறது. காய்ந்த ரோடு, நல்ல லைனர் என்றால் எல்லாம் சேர்த்து 53 மீட்டரில் நிற்கும். 80இல் வந்தால் 83 மீட்டர் ஆகும்.

இந்த எண்களைக் கேட்டு யாரும் அசருவதில்லை. ஆனால் யார்டு தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "60ல வந்தவன் நின்னுட்ட இந்த இடத்தை, 80ல வந்தவன் எந்த வேகத்துல தாண்டுவான்?" என்று கேட்பேன். இருபது, முப்பது என்பார்கள். விடை, 60க்கும் கொஞ்சம் மேலே. அங்கேதான் பேச்சு நிற்கும். சிலர் கோட்டருகே போய் குனிந்து பார்ப்பார்கள், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

சேலம்–தர்மபுரி ரோட்டில் செங்குத்தாக இறங்கும் தொப்பூர் கணவாயைப் பற்றி எவ்வளவு பேசினாலும் போதாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சின் இழுத்துப் பிடிப்பது போய்விடுகிறது, மொத்தப் பாரமும் லைனர் தலையில். சூட்டில் டிரம் விரியும், லைனரின் பிடி குறையும். மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

காலி வண்டி சட்டென்று நிற்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. லோடுக்கென்று அமைத்த பிரேக் அது. காலியில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டி வண்டி வழுக்கும், மழையில் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவும் ஒப்புக்கொள்வார்கள். முன்வண்டிக்கு இடைவெளி விடுங்கள் என்றதும் சண்டைக்கு வருவார்கள். "சார், கேப் விட்டா ஒருத்தன் பூந்துடுவான். அவனுக்கு விட்டா இன்னொருத்தன் வருவான். நான் பெங்களூரு போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்றார் தலை நரைத்த ஒரு டிரைவர். நியாயமான கேள்வி. நம் ரோட்டில் பூரத்தான் செய்வார்கள்.

"பூரட்டுங்கண்ணே. முன்வண்டி ஒரு பாலத்தைத் தாண்டினதுல இருந்து நாலு நொடி கழிச்சு நீங்க தாண்டுங்க. ஒருத்தன் பூந்தா கொஞ்சம் காலை எடுத்து மறுபடி நாலு நொடி பின்னால போங்க. முப்பது பேர் பூந்தாக்கூட மொத்தம் எவ்வளவு லேட்டு?"

மனக்கணக்கு போட்டார். "ரெண்டு நிமிஷம்."

"டீக்கடையில எவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

சிரித்தார். "அதையெல்லாம் கணக்குல சேர்க்காதீங்க சார்" என்றார். பிறகு, "இந்த ரெண்டு நிமிஷத்தை எங்க ஓனருக்கும் ஒருக்கா சொல்லிக் குடுங்க" என்றார். முதலாளிகளுக்கு இதுவரை ஒரு வகுப்பும் வைத்ததில்லை. கேட்டுப் பார்க்க வேண்டும்.