எதையும் தொடாதீங்கம்மா

2015 டிசம்பர் 5, சனிக்கிழமை. அடையாற்று வெள்ளம் வடிந்து, அன்றுதான் கொஞ்சம் சிக்னல் வந்திருந்தது. பக்கத்து வீட்டு போனிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். ஜாபர்கான்பேட்டை, கீழ்த்தளம், ஓய்வு பெற்ற ஆசிரியை. வீட்டுப் பொருட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் என்று கம்பெனியில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

“தம்பி, கணுக்கால் அளவுக்குச் சேறு. அள்ளிக் கொட்டிட்டு வீட்டைக் கழுவலாமா?”

“நான் வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்கம்மா.”

“எதையுமேவா?”

“ஆமாம்மா, எதையுமே.”

லைன் கட்டாகிவிட்டது. அவ்வளவுதான் பேச்சு. அந்த “எதையுமேவா?” என்பதில் ஒரு கேள்வி இருந்தது. அது என் காதில் ஏறவில்லை.

நான் சொன்னது தவறு என்று இன்றும் என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்கு முந்தின மாதம், நவம்பர் மழையில், முடிச்சூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். தரை பளிச்சென்று இருந்தது, பினாயில் வாசனை. நனைந்ததையெல்லாம் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் எந்த மாடல் என்று சொல்ல ஒரு ஸ்டிக்கர்கூட மிஞ்சவில்லை. போட்டோ எடுக்க வேண்டிய போனும் தண்ணீரில் போயிருந்தது. கம்பெனி ஆதாரம் எங்கே என்று கேட்டபோது, அந்த வீட்டுக்காரருக்காக நான் எழுத ஒன்றும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் டிசம்பரில் கூப்பிட்டவர்கள் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்.

ஆனால் சேதமான பொருளை ஆய்வுக்கு வைத்திருக்கச் சொல்லும் அதே பாலிசிதான், சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு என்கிறது. முதல் பாதியை மட்டும்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

11ஆம் தேதிதான் அந்த அம்மா வீட்டுக்குப் போக முடிந்தது. முடிந்தது என்று எழுதுகிறேன். 8ஆம் தேதியே கிண்டி தொழிற்பேட்டை வரை போயிருந்தேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு குடோன், பெரிய ஃபைல். அதை முடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

தெரு முழுக்க மெத்தையும் கட்டிலும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவர் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. உள்ளே எல்லாம் தண்ணீர் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. மிதந்து மல்லாந்து விழுந்த ஃப்ரிட்ஜ். நீரைக் குடித்து ஊறிய இலவம்பஞ்சு மெத்தை. சேறு காய்ந்து ஏரித் தரைபோல வெடித்திருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப் வைத்து அளந்தேன்: 5 அடி 2 அங்குலம். நாற்றம் தாங்காமல் நான் கைக்குட்டையை எடுத்தேன். அவர் எடுக்கவில்லை.

வாசலிலிருந்து பூஜை அலமாரி வரைக்கும் ஓர் அடி அகலத்துக்குச் சேற்றை வழித்து ஒரு பாதை போட்டிருந்தார்.

“இது மட்டும் நான் பண்ணேன் தம்பி. தப்பில்லையே?”

அப்புறம் பீரோவின் கீழ்த்தட்டைக் காட்டினார். ஆல்பம். கணவர் இறந்து ஒன்பது வருடமாம். “இதையும் நான் தொடல.”

பிரித்தேன். பிளாஸ்டிக் தாளோடு சேர்ந்து படமும் உரிந்து வந்தது. ஒரு முகம் தாளில் ஒட்டிக்கொள்ள, காகிதத்தில் சட்டையும் கையும் மட்டும் மிச்சம். அதற்குமேல் நான் புரட்டவில்லை. பிற்பாடு ஒரு ஸ்டூடியோக்காரர் விளக்கினார். போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் இளகும், அப்படியே காய்ந்தால் எதிரில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் போகுமுன் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தியிருந்தால் நிறையப் படங்கள் தப்பியிருக்குமாம். ஓரிரு நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் வடிந்த கையோடு அவர் கேட்ட அன்றே சரி என்று சொல்லியிருந்தால் செய்திருப்பார்.

இதில் எனக்கு ஆறாதது, அந்த ஆல்பம் க்ளெய்மிலேயே வராது என்பதுதான். அதை அவர் தொட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. நான் “எதையுமே” என்றேன், அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லைச் சொன்னபடி எடுத்துக்கொள்வதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

க்ளெய்ம் வந்தது. தேய்மானம் போக, காப்பீட்டுத் தொகை பொருட்களின் மதிப்பைவிடக் குறைவு என்பதற்கான கழிவும் போக, மிச்சம் வந்தது. அவர் எதையும் எடுத்து வைக்காமல் கழுவியிருந்தால் அதுவும் வந்திருக்காது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாட்கள் போதுமானதாக இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என் வாயில் முதலில் வந்தது “எதையும் தொடாதீங்க சார்” என்பதுதான். எட்டு வருடம் கழித்தும். வைத்துவிட்டு மறுபடி நானே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், மாடல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், மெத்தையில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள், பிறகு கழுவுங்கள் என்றேன். ஆல்பம் இருந்தால் அதை முதலில் எடுத்து அலசுங்கள் என்றேன்.

“ஆல்பம்லாம் இல்ல சார். ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு வரும்னு சொல்லுங்க” என்றார்.