இருபது நிமிடம்

மே 9, வியாழன்

சுடு ரசம் கொட்டிவிட்டது. பாப்பாவின் இடது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. இப்போதுதான் தூங்கினாள்.

மே 10

பிடிதுணியின் நுனி மேடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் இழுத்தாள். பாத்திரத்தை அங்கே வைத்தது நான்.

தூக்கிக்கொண்டு ஓடிக் குழாயைத் திறந்தேன். மதியம் ஒரு மணி, அக்னி நட்சத்திரம். மொட்டை மாடி டேங்க் தண்ணீரே சுட்டது. பாப்பா இன்னும் கத்தினாள். கேன் தண்ணீரை டம்ளர் டம்ளராக மொண்டு ஊற்றினேன். நான்கு நிமிடம் இருக்குமா? அதற்குள் அத்தை டூத்பேஸ்ட்டோடு வந்தார். நான் தடுக்கவில்லை.

அந்தப் பேஸ்ட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் துடைத்து எடுத்தபோது பாப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். வெள்ளிக் காப்பை வெட்டித்தான் எடுத்தார்கள். கை வீங்குவதற்கு முன்னால் கழற்றியிருக்க வேண்டும்.

மே 11

டாக்டர் பாப்பாவின் உள்ளங்கையைக் காட்டி விளக்கினார். விரல்களோடு சேர்த்து அவளுடைய ஒரு கை அளவு, அவள் உடம்பில் 1 சதவீதம். வெந்தது இரண்டு கை அளவு. குழந்தைகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்குமாம்.

ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் போய்விடுவதால் வலி தெரியாதாம். இவளுக்கு வலிக்கிறது. அவள் அழுகை கேட்டு நிம்மதியாக இருந்தது இன்றுதான்.

மே 12

காய்ச்சல் இல்லை.

மே 13

20 நிமிடம். ஓடும் தண்ணீரில், சாதாரணக் குளிர்ச்சியில், 20 நிமிடம். ரசம் வழிந்து போன பிறகும் சூடு தோலுக்குள்ளேயே நின்று கீழே கீழே வேகவைத்துக்கொண்டிருக்குமாம். தண்ணீர்தான் அதை வெளியே இழுக்கும். பேஸ்ட் அந்தச் சூட்டை உள்ளேயே மூடிவிடுகிறது. ஐஸ் வைத்தால் ரத்த ஓட்டம் சுருங்கிக் காயம் இன்னும் மோசமாகும்.

தாங்க முடியாதது வேறு. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் விட்டாலும் பலன் உண்டாம். அன்றைக்கு ஆட்டோவுக்குக் காத்திருந்தோம், டோக்கனுக்குக் காத்திருந்தோம். அந்த வராண்டாவில் ஒரு குழாய் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நானும் திறக்கவில்லை, அங்கிருந்த யாரும் சொல்லவுமில்லை.

மே 14

அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். விறகடுப்புக் காலத்துத் தழும்பு. "எனக்கு மை தடவுனாங்க. இட்லி மாவும் அப்புனாங்க. தண்ணி பட்டா கொப்புளம் வரும்னு பக்கத்துலயே விடல" என்றார். கோபப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

மே 16

பெரிய கொப்புளம் தானாக உடைந்தது. சின்னவற்றை நாங்கள் தொடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். கட்டுப் போடும் அறை வாசல் வந்ததும் என் கழுத்தை இறுக்கிக்கொள்கிறாள்.

மே 18

ராத்திரி குழாயடியில் என் கையை நீட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் சட்டென்று போய்விட்டது. எட்டில் கை வலித்தது. பன்னிரண்டில் பாப்பாவின் அப்பா வந்து குழாயை மூடினார். "போதும் வா" என்றார். திறக்கச் சொன்னேன். மீதி எட்டு நிமிடமும் பக்கத்திலேயே நின்றார்.

மே 20

கட்டுப் போட்ட கையாலேயே பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறாள்.

மே 23

கட்டு இல்லை. இளஞ்சிவப்புத் தோல், பார்க்கவே பயமாக மெல்லிசாக இருக்கிறது. வெயில் படக் கூடாது, தேங்காய் எண்ணெய் மெதுவாகத் தடவலாம் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்குள் ஆறினால் பெரும்பாலும் தழும்பு நிற்காதாம். 14 நாள். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

அத்தை காலையிலேயே இரண்டு குடம் பிடித்து, மூடி, அடுப்படி நிழலில் வைத்துவிடுகிறார். கருப்பு டேங்குக்கு வெள்ளை அடிக்க நாளைக்கு ஆள் வருகிறார்.