பலகையில் தமிழ் பிழைக்க

இலங்கைப் பேருந்தொன்றில் 'கர்ப்பிணித் தாய்மார்' இருக்கை 'கர்ப்பிணி நாய்மார்' இருக்கையான கதை ஊரறிந்தது. எல்லோரும் சிரித்தோம், திட்டினோம். சட்டத்தில் குறையில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. சிறுபான்மை மொழி பேசுவோர் எட்டில் ஒரு பங்கைத் தாண்டும் பிரதேச செயலாளர் பிரிவை இருமொழி நிர்வாகப் பிரிவாக்கவும் அரசியலமைப்பில் இடமுண்டு. அரசின் மும்மொழிப் பெயர்ப்பலகை கெடுவது அச்சுக்கூடத்தில்.

தமிழ் வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு த-வும் ந-வும் ஒன்றுதான். கையெழுத்துத் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் தாய் நாயாவதற்கு ஒரு நொடி போதும். ஆகவே வாசகத்தைப் பலகை வைக்கும் அலுவலகமே யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், தட்டச்சுச் செய்து கொடுக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

யூனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், 'தெரு'வின் கொம்பு த-வைத் தாண்டிப் பின்னால் விழுந்து, பார்வைக்கு 'தரெு' ஆகிவிடும். சிங்களத்துக்கும் கொம்பு உண்டு. ஆனால் அங்கே பிழையைப் பிடிக்க அச்சுக்கூடத்திலேயே பத்துக் கண்கள் இருக்கும். சரிபார்த்த பிறகு எழுத்துகளைக் கோட்டுருவமாக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக்கி, பிடிஎஃப் எடுத்தால், அடுத்த கணினியில் எழுத்துரு மாறாது.

எந்த மொழி மேலே என்ற சண்டையைவிட எழுத்தின் அளவு முக்கியம் என்பது என் கட்சி. மூன்று மொழிக்கும் ஒரே புள்ளி அளவு கொடுத்தால் சமமாகிவிடாது, எழுத்துருவுக்கு எழுத்துரு உயரம் மாறும். அச்சில் 'க'வின் உயரத்தை அடிக்கோலால் அளக்க வேண்டும். தமிழ் வரி நீண்டால் பக்கவாட்டில் நசுக்கக்கூடாது. இரண்டு வரியாக உடைக்கலாம், பலகையை அகலமாக்கலாம்.

ஊர்ப்பெயரைச் சிங்கள ஒலியிலிருந்து எழுத்துக்கூட்டவும் கூடாது. 'யாப்பனய' அல்ல, யாழ்ப்பாணம். 'மடகலப்புவ' அல்ல, மட்டக்களப்பு.

பலகை செய்யக் கோரும் கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) இரண்டு நிபந்தனைகளாவது வேண்டும். தமிழ் வாசிக்கும் உத்தியோகத்தர் அச்சு மாதிரியில் ஒருமுறை, பலகை நட்ட பிறகு அதன் படத்தில் ஒருமுறை ஒப்பமிட்டால்தான் கொடுப்பனவு. ஒப்பமிட்ட மாதிரியிலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் ஒப்பந்தக்காரர் தன் செலவில் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். பிழைமேல் ஸ்டிக்கர் ஒட்டவிட்டால் அடுத்த மழைக்கு நாய் திரும்பிவிடும்.