முறையிடப் போகிறவர்களுக்கு அதிகை

விளக்கேற்றுவது நிற்காது, பிரதோஷத்துக்குப் போவதும் நிற்காது. ஆனால் தீபாராதனைக்குக் கை கூப்பி நிற்கும்போதே, உள்ளே யாரும் இல்லையோ என்ற எண்ணம் வந்துவிடும். பெரும்பாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு, அல்லது வருஷக்கணக்காக வேண்டியும் கைகூடாத ஒன்றுக்குப் பிறகு. அடுத்து வருவது அதைவிடப் பெரிய பயம். சுவாமி இல்லை என்றால் இத்தனை விரதம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு, ஓடிய ஓட்டம் எல்லாம் எதற்கு? இனிமேல் எதைப் பிடித்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பது? வீட்டில் சொன்னால் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்த நிலையில் பரிகாரத் தலங்களுக்குப் போவது வினையை விலைக்கு வாங்குவது. வாசலிலேயே மடக்கி, நட்சத்திரம் கேட்டு, "உங்களுக்குக் கடுமையான தோஷம்" என்று ஆரம்பித்து, தட்டுக்கு இவ்வளவு என்று கையில் திணிக்கிற தரகர்களிடம் ஆடிப்போன மனசு மாட்டினால் இருக்கிற பக்தியும் போய்விடும். பண்ருட்டிக்குப் போங்கள். அப்பர் பெருமான் அவதரித்த திருவாமூர், சைவத்தை விட்டுப் போய் அவர் இருந்த திருப்பாதிரிப்புலியூர், திரும்பி வந்து விழுந்த திருவதிகை (சுருக்கமாக அதிகை) மூன்றும் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒரே நாளில் தரிசிக்கலாம். நம்பிக்கை போய்த் திரும்பிய ஒருவருடைய வாழ்க்கையை நடந்தே பார்க்க இதைவிட வேறு ஊர் கிடையாது.

முந்தின இரவே பண்ருட்டியில் தங்கிவிடுவது உத்தமம். விழுப்புரம் – கடலூர் ரயில் பாதையில் ஸ்டேஷன் உண்டு. இரண்டு பக்கமிருந்தும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பலரும் செய்கிற தப்பு, அதிகை கிட்டத்தில்தானே இருக்கிறது என்று முதலில் அங்கே போய்விடுவது. அதிகையைப் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் ஒப்புக்குப் போவதாக ஆகிவிடும். காலை ஏழு, ஏழரைக்குள் திருவாமூரில் இருங்கள். சின்ன ஊர்க் கோயில்களில் காலை பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவது வழக்கம். பஸ் அடிக்கடி இருக்காது, ஆகவே பண்ருட்டியிலிருந்து போக வர ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடலூர், உச்சிகாலத்துக்குள் பாதிரிப்புலியூர் தரிசனம் முடிந்துவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் பண்ருட்டி திரும்பினால், சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்கு அதிகையில் நிற்கலாம்.

திருவாமூரில் பசுபதீசுவரரைத் தரிசித்துவிட்டு அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். அப்பருக்கு, அப்போதைய பெயர் மருள்நீக்கியார், வீட்டில் நடந்தது என்ன என்பதை இங்கே உட்கார்ந்து ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பா புகழனார் போனார். அம்மா மாதினியாரும் உடனே போனார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்திலேயே மாண்டார். அக்காவும் உயிரை விடத் துணிந்தபோது, நீங்களும் போனால் நான் உங்களுக்கு முன்னே போய்விடுவேன் என்று தம்பி காலில் விழுந்தார். அதற்காக அந்த அம்மாள் உயிர் தரித்தார். அதன் பிறகும் தம்பி சும்மா இருக்கவில்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். இத்தனையும் செய்துவிட்டுத்தான், நிலைக்காத உலகத்தில் நிலையானது எது என்று தேடிச் சமணத்துக்குப் போனார். பொழுது போகாமல் போனவரல்ல.

அவர் போய்ச் சேர்ந்த இடமும் லேசுப்பட்டதல்ல. அன்றைய பாடலிபுத்திரமாகிய பாதிரிப்புலியூர் பெரிய சமணக் கல்விக்கூடம். உலகத்தின் அமைப்பைச் சொல்லும் 'லோகவிபாகம்' என்ற நூலைச் சர்வநந்தி என்ற சமண முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், இங்கேதான் முடித்தார். அதற்குப் பிற்பட்ட காலத்தில் மருள்நீக்கியார் இங்கே வந்து கற்று, தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை இடத்துக்கு உயர்ந்தார். இந்த யாத்திரையைச் சமணரைத் திட்டுவதற்கான சாக்காகச் சிலர் ஆக்கிக்கொள்வது சகிக்கவில்லை. விட்டுப் போகிறவன் அக்கறையோடு தேடிப் போகிறான் என்றுதான் இந்த ஊரில் நின்று பார்த்தால் தெரிகிறது. பாடலீசுவரர் சந்நிதியில் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்ற பதிகத்தை ஓதாமல் வரக்கூடாது. சைவத்துக்குத் திரும்பிய பிறகு, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் கரையேறி வந்து பாடியது. தாயையும் தகப்பனையும் சின்ன வயதிலேயே இழந்தவருடைய வாயில் அந்த முதல் வரி எப்படி வந்திருக்கும்! நேரம் இருந்தால் கரையேறவிட்டகுப்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம், கிட்டத்தில்தான்.

சாயங்காலம் அதிகை. கெடிலத்தின் வடகரை; ஆற்றில் முக்கால்வாசி நாள் மணல்தான். சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களாகிய அட்ட வீரட்டங்களில் திரிபுரம் எரித்த தலம். ராஜகோபுரத்தைத் தாண்டியதும் எல்லோரும் நேரே நந்தியைப் பார்த்து ஓடுவார்கள். வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்த கோலத்தில் ஒரு புத்தர் சிலை இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுப் போங்கள். வேறு வழியில் தேடியவர்களுக்கும் இந்த மதிலுக்குள் இடம் இருந்திருக்கிறது.

மூலவர் பெரிய லிங்கத் திருமேனி; மேலே நிற்கும் பாணம் பதினாறு பட்டை. மற்ற தலங்களில் வழவழப்பான பாணத்தில் கற்பூர வெளிச்சம் ஒரே பொட்டாகத் தெரியும். இங்கே குருக்கள் தீபத்தை இடமிருந்து வலமாகக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் தனித்தனியாக ஒளி வாங்கி, அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு இருளும். எண்ணெய்க் காப்பு ஆன நாளில் அது இன்னும் துலக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் எதையும் வேண்ட வேண்டாம், நம்ப முயற்சி செய்யவும் வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் போதும். கண்ணை மூடிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதிகையில் அது நஷ்டம்.

தீபாராதனை ஆனதும் வரிசையை மறிக்காமல் மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்து, அப்பர் இங்கே பாடிய 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' பதிகத்தை எடுங்கள். நான்காம் திருமுறையின் முதல் பதிகம், பத்துப் பாட்டு, கொல்லிப் பண். ஓதுவார் இருந்தால் நவரோஜ் ராகத்தில் பாடுவார். அது அன்றைய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நாமே படித்துக்கொள்ள வேண்டியதுதான். போனில் பார்த்துப் படிக்க வேண்டாம், நடுவில் அழைப்பு வந்து தொலையும். பெரிய எழுத்தில், சந்தி பிரித்த பிரதியைக் காகிதத்தில் கொண்டுபோங்கள். முதல் பாட்டோடு எழுந்துவிடுகிறவர்கள் பாதிப் பேர்; பத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர்கள் மீதிப் பாதி. நிறுத்தி நிறுத்திப் படித்தால் கால் மணி நேரம் ஆகும்.

ஐந்தாம் பாட்டில் நின்று படியுங்கள். 'கரைநின்றவர் கண்டுகொள் என்று சொல்லி நீத்தாய கயம்புக நூக்கியிட, நிலைக்கொள்ளும் வழித்துறை ஒன்றறியேன்.' காப்பாற்றுகிறவருடைய காவலை இகழ்ந்தேன். கரையில் நின்றவர்கள் 'நீயே பார்த்துக்கொள்' என்று ஆழத்தில் தள்ளிவிட்டார்கள். கால் ஊன்ற ஒரு துறையும் தெரியவில்லை. நம்பிக்கை போனவனுடைய பயத்தை இதைவிட நேராகச் சொல்லிய பாட்டு தமிழில் வேறு உண்டா தெரியவில்லை. கடைசிப் பாட்டில் சண்டையே போடுகிறார். மலையைத் தூக்கிய அரக்கனை அடர்த்து அவனுக்கே அருள் செய்தாயே, அதை நினைத்துப் பார்க்க மாட்டாயா? வேர்த்துப் புரண்டு விழுந்து எழுகிறேனே, விலக்க மாட்டாயா? திருமுறைக்குள் அவர் எடுத்து வைக்கிற முதல் அடியே இந்த முறையீடுதான். இதைப் பாடியபோது அவரிடம் நிச்சயமான பக்தி இருந்ததா என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. வயிற்றில் சூலை என்ற கொடிய வலி இருந்தது, போக வேறு இடம் இல்லை. வந்துவிட்டார், அவ்வளவுதான்.

வலியைக் கொடுத்துத்தான் ஆட்கொள்ள வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அப்படித்தான் சொல்கிறார்: அக்கையார் முறையிட, சூலை கொடுத்து ஆள்வோம் என்று கனவில் வாக்கு. இதற்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டியதில்லை. பதிகமே அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அம்மா நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்த வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்வது பொய்யாகாதா என்று கலங்க வேண்டாம். வேண்டிக்கொண்டது அவர், செலுத்துவது நீங்கள். அபிஷேகத்துக்கு எழுதும்போது நேர்ந்துகொண்டவர் பெயர் நட்சத்திரத்தையே சொல்லுங்கள்.

இனி அக்கையார். அதிகையில் திலகவதியாருக்குச் சந்நிதி இருக்கிறது. அப்பரைச் சுற்றியே எல்லோருடைய பேச்சும் நடக்கும். இந்த அம்மாளுக்கு நன்றி சொல்கிறவர் குறைவு. ஊரெல்லாம் தம்பி மதம் மாறிவிட்டார் என்று பேசியபோது அவர் இங்கே வந்து மடம் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன் அலகால் (துடைப்பத்தால்) பெருக்கி, சாணம் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். நோயோடு இரவில் தம்பி வந்து விழுந்தபோது ஏன் போனாய் என்று ஒரு கேள்வி கேட்டாரா? திருநீற்றைக் கொடுத்தார்; அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார், தம்பியையும் கூட்டிக்கொண்டார். தாயே, நீ இருந்ததால் அல்லவா எங்களுக்குத் தேவாரம்! பிறகு அந்தத் தம்பி கையில் புல் செதுக்கும் கருவியாகிய உழவாரத்தைப் பிடித்தார், கடைசி வரை கீழே வைக்கவில்லை. புகலூரில் புல் செதுக்கும்போது பொன்னும் மணியும் மின்னியபோதுகூடப் பரல்கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தாரே.

அந்த வேலைக்கு நம்பிக்கை முன்பணம் அல்ல. எதற்காக எழுந்திருப்பது என்று தெரியாதவர்களுக்கு உழவாரப்பணி, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் தொண்டு, நல்லது. உங்கள் ஊர்ப் பழைய கோயிலிலேயே செய்யலாம். முதலில் கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; குருக்களிடமும் மடப்பள்ளியிலும் சொல்லிவிடுங்கள். பத்துப் பேருக்கு நாலு தென்னந்துடைப்பம், இரண்டு ஒட்டடைக்கம்பு, மூன்று களைக்கொத்தி, ஒரு மண்வெட்டி, இரண்டு கிலோ சீயக்காய்த் தூள், ஒரு கிலோ அரிசி மாவு, தேங்காய் நார், கையுறை போதும். காலை ஏழுக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடியுங்கள். அதற்கு மேல் கல் காலைச் சுடும். ஒட்டடை முதலில், தரை கடைசியில். விளக்கு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் நேராகத் தண்ணீர் ஊற்றினால் அது பரவி வழுக்கும், ஆள் விழுவார். மாவைத் தூவி, ஊறவிட்டு, வழித்து எடுத்துவிட்டு, வெந்நீரில் கரைத்த சீயக்காய் போட்டு நாரால் தேயுங்கள். ஆசிட் கூடவே கூடாது. கல்லின் முகத்தை அரிக்கும், இடுக்கிலுள்ள சுண்ணாம்புக் காரையைத் தின்றுவிடும். கல்வெட்டின் மேல் கம்பி பிரஷ் படக்கூடாது, வெள்ளையும் அடிக்கக் கூடாது. மதிலில் முளைத்த அரசங்கன்றை மேலோடு வெட்டிவிட்டுப் போகிறவர்கள் உபகாரம் செய்யவில்லை. வேர் உள்ளே தடித்து, அடுத்த மழைக்கு மறுபடி துளிர்த்துக் கல்லைப் பிளக்கும். இளங்கன்றை வேரோடு பெயர்க்க வேண்டும். பெரிதாகிவிட்டால் ஸ்தபதி வரும்வரை கை வைக்காதீர்கள். விமானத்தில் ஏறுவது பழகினவர்களுக்கு மட்டும். புதரில் கை விடுமுன் கம்பால் தட்டுங்கள், நந்தவனத்தில் பாம்பு இருக்கும்.

எந்த நாளில் போவது என்று கேட்டால், முறையிட வருகிறவர்களுக்குச் சித்திரைச் சதயம் வேண்டாம். அப்பர் குருபூஜை; பார்க்கக் கண் கோடி வேண்டும், ஆனால் தள்ளுமுள்ளில் பதிகம் கையில் நிற்காது. சாதாரணச் செவ்வாயோ புதனோ வாருங்கள். பணி செய்ய வருகிறவர்கள், விழா எந்தக் கோயிலில் ஆனாலும், மறுநாள் வாருங்கள். எண்ணெயும் வாடின பூச்சரமும் தொன்னையும் பிளாஸ்டிக் பையும் பிராகாரம் முழுக்கக் கிடக்கும். அன்றைக்குத்தான் ஆள் கிடைக்காது.