சக்கை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியத்தையும் மாமாவும் சாப்பிட வருகிறார்கள் என்பதைச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் என் கணவர் சொன்னார். பெரியத்தை திருநெல்வேலி டவுனில் பிறந்து டவுனிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு வருகிறவரைச் சாம்பார், ரசத்தோடு அனுப்ப முடியுமா? சொதிதான் வைக்க வேண்டும்.

சொதி எங்கள் பக்கத்து மறுவீட்டுச் சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். ஆறு பேருக்கு இரண்டு தேங்காயாவது துருவி, மூன்று முறை பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சி பச்சைமிளகாயும் இரண்டாம் பாலோடு சேரும். முதல் பாலை ஊற்றியதும் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகுதான்.

எனக்கு வலது மணிக்கட்டில் மூன்று மாதமாக வலி. தெருமுனைக் கடையில் இரண்டு தேங்காய்ப்பால் பாக்கெட் வாங்கிவந்தேன். தண்ணீர் விட்டுக் கலக்கியதில் மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் தயார். அப்படியே ஊற்றினால் முதல் பால். திரியாமல் இருக்க அதில் ஏதோ சேர்க்கிறார்கள் போலும். மறதியாகக் கொதிக்கவிட்டுவிட்டேன், அசையவில்லை. மிச்சமான நேரத்தில் இஞ்சித் துவையலை மட்டும் அம்மியில், இடது கையை அழுத்திக்கொண்டு அரைத்தேன்.

இதற்கு நான் ஏன் கூச்சப்பட வேண்டும் என்று அரைக்கும்போதே மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். இலையில் முதலில் வைக்கப்போகும் அல்வா, என் கணவர் முந்தின நாள் மாலை நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை வரிசையில் நின்று வாங்கியது. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தது யாரோ, கிளறியது யாரோ. அதைக் கடையில் வாங்கி வைத்தால் மரியாதை; வீட்டில் கிண்டி வைத்தால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸும் கடைச் சரக்குதான். கோதுமைப் பாலை ஊரார் பிழியலாம், தேங்காய்ப்பாலை மட்டும் மருமகள்தான் பிழிய வேண்டும்!

பெரியத்தை சொதியை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மாமா தலையாட்டியபடியே சாப்பிட்டார். துவையலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கணவர்தான், சும்மா இருக்கக்கூடாதா, "காலையிலிருந்து கையாலேயே பிழிந்தாள், பெரியம்மா" என்றார். குப்பைக்கூடையில் பாக்கெட்டைப் போட்டவரே அவர்தான்.

சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மடித்தபடி பெரியத்தை அடுக்களைக்கு வந்தார். "ஏட்டி, தேங்காய்ச் சக்கையைக் கொட்டிவிடாதே. ஒரு பையில் போட்டுக் கொடு, வறுத்துப் பொடி இடிக்கலாம்."

இரண்டு தேங்காய்ச் சக்கைக்கு நான் எங்கே போவேன்? ஈரக்கையைப் புடவையில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். பெரியத்தை என்னைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், குனிந்து கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விலையை வாசித்தார்.

"இரண்டு வாங்கினாயா?"

"ஆமாம், அத்தை."

பாக்கெட்டைக் கூடையிலேயே போட்டார். கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, "சரி, அந்தத் துவையலில் மிச்சம் இருந்தால் அதைக் கொடு" என்றார்.