வேடியப்பன் கையில் வில்

எங்கள் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும், செத்த வீரர்களுக்காக நட்டு வைத்த நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அந்தக் கல்லில் இருப்பவன் எதற்காகச் செத்தான் என்று கேட்டால், 'ஏதோ சண்டையில்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் கல்லிலேயே எழுதியிருக்கிறதே!

பல்லவர் காலத்து வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதிய பழைய எழுத்து வகை. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அப்புறம் ஆளின் பெயர். பல கற்களில் அவன் 'தொறுக் கொண்ட ஞான்று' பட்டிருப்பான், இல்லையென்றால் 'தொறு மீட்டு'ப் பட்டிருப்பான். தொறு என்பது மாட்டு மந்தை, ஞான்று என்றால் அப்போது, பட்டான் என்றால் செத்தான். கவர வந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போனவனுக்கும் உண்டு.

ஏன் மாடு? ஜவ்வாது மலையடி மானாவாரி பூமி. விளைச்சலை நம்பமுடியாத இடத்தில் மாடுதான் சொத்து. தானியத்தைக் கொள்ளையடித்தால் தூக்கிச் சுமக்கவேண்டும். மந்தையை விரட்டினால் தானே நடந்து வரும். அதுவும் மேயப் போவது ஊருக்கு வெளியே, எல்லைக் காட்டில். கவர்ந்ததைப் பங்கு போட்டுக்கொள்வதற்குத் தொல்காப்பியத்தில் 'பாதீடு' என்று தனித் துறையே, அதாவது பாடுவதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. வீரம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களை எல்லை தாண்ட வைத்தது அந்தப் பங்குதான் என்று நம்புகிறேன்.

இது பல்லவர் காலத்தில் தொடங்கியதும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. 2000 ஆண்டுக்கும் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்து.

ஆயுதம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகளையும் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்துத் தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவ்வை பாடினாரே, அப்படிப் புழங்கித் தேய்ந்த ஆயுதங்களாகத்தான் இவையும் இருந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது எடுத்தனூர்க் கல். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் கருந்தேவக்கத்தி. பக்கத்திலேயே அவன் நாய் கோவிவன் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்று அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

எண்ணெயும் சுண்ணாம்பும் பூசப் பூச இந்த எழுத்துகள் மறைந்துகொண்டே வருகின்றன. பூசை செய்கிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: மாலை போடுங்கள், பொங்கல் வையுங்கள், எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் எதையும் பூசாதீர்கள்.